பிளாஸ்மா காட்டிய அக்ரிலிக் சிப்பில் மூன்று வாரம் கழித்துத் திரவம் அறை வாசலிலேயே நின்றுவிடுகிறது: எந்தப் பூச்சு நிலைக்கும்?

பீன்யா பொறியாளர் (கேள்வி)

வணக்கம். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தில், ஒரு சொட்டுச் சீரத்தை வைத்துப் பரிசோதிக்கும் பிளாஸ்டிக் சிப் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். இதில் பம்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. நுழைவாயில் சொட்டு விட்டதும், பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அந்த விசை ஒன்றினாலேயே திரவம் கால்வாய் வழியே ஓடி, வினைபொருள் உலர்ந்து கிடக்கும் அறையை நிரப்ப வேண்டும்.

சிப், வார்ப்பு எந்திரத்தில் அடித்த அக்ரிலிக். கால்வாயின் அகலம் 300 மைக்ரான், ஆழம் 100 மைக்ரான், நீளம் 24 மில்லிமீட்டர். அது முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள அறை செங்குத்தாகத் திறக்கிறது. அறையின் ஆழமும் 100 மைக்ரான்தான். மேல்மூடியாக, சிலிகோன் பசை தடவிய பாலியெஸ்டர் நாடாவை ஒட்டுகிறோம். ஒட்டுவதற்கு முன் சிப்பைக் காற்றுப் பிளாஸ்மாவில் ஒரு நிமிடம் வைக்கிறோம். (நான் பிளாஸ்மா என்று எழுதுவதெல்லாம் மின்னேற்றம் பெற்ற வாயுவை, இரத்தப் பிளாஸ்மாவை அல்ல. இந்த ஒரு சொல்லால் எங்கள் கொள்முதல் பிரிவு இரண்டு முறை தவறான பொருளை வாங்கியிருக்கிறது.)

பிளாஸ்மா காட்டிய அன்றே சோதித்தால், வண்ணம் கலந்த நீர் 20 சிப்புகளில் 20ஐயும் நிரப்புகிறது. அதே தொகுதியை மூன்று வாரம் கழித்து எடுத்தால் 17 சிப்புகளில் நீர் கால்வாயை மெதுவாகக் கடந்து, அறையின் வாசலை அடைந்ததும் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடுகிறது. நகரத்திலுள்ள ஓர் ஆய்வகத்தில் பணிபுரியும் நண்பர் அளந்து கொடுத்த சேர்கோணங்கள் (நீர்த்துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணம்; 90 டிகிரிக்குக் கீழே இருந்தால் பரப்பு நீரை விரும்புகிறது என்று பொருள்) இவை: வெறும் அக்ரிலிக்கில் 72 டிகிரி, பிளாஸ்மாவுக்குப் பின் 40, மூன்று வாரத்துக்குப் பின் 65.

எங்களுக்கு ஆறு மாதமாவது கெடாத ஒரு பூச்சு தேவைப்படுகிறது. ட்வீன் 20 என்னும் சோப்பு வகைப் பொருளைத் தடவினால் போதும் என்கிறார் ஒருவர். அக்ரிலிக்கை விட்டுவிட்டுப் பி.டி.எம்.எஸ். என்னும் சிலிகோன் ரப்பருக்கு மாறுங்கள் என்கிறார் இன்னொருவர். அனுபவமுள்ளவர்கள் வழி காட்ட வேண்டுகிறேன்.


நுண்புழை

நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே விடையின் பாதியைச் சொல்லிவிடுகின்றன. எனினும் நீங்கள் அளக்காமல் விட்ட சுவர் ஒன்று இருக்கிறது. பூச்சுக்குப் போகுமுன் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பிளாஸ்மா ஏன் தேய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிளாஸ்மா அக்ரிலிக்கின் மேல்தோலில் ஆக்சிஜன் சேர்ந்த முனைவுள்ள தொகுதிகளை உண்டாக்குகிறது. அவை நீரை விரும்புபவை. ஆனால் பிளாஸ்டிக்கின் சங்கிலிகள் கண்ணாடியைப்போல் இறுகிக் கிடப்பவை அல்ல. காற்றைப் பார்த்திருக்கும் மேற்பரப்பில் முனைவுள்ள தொகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஆற்றல் கணக்கில் நட்டம் என்பதால், சங்கிலிகள் மெல்லத் திரும்பி அவற்றை உள்ளே புதைத்துக்கொள்கின்றன. காற்றில் மிதக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுகளும் மேலே வந்து படிகின்றன. வெப்பம் கூடினால் இவை இரண்டுமே விரைவுபடும். 40 டிகிரி 65 ஆனது இதனால்தான், அதில் வியப்பில்லை.

உண்மையில் கேட்க வேண்டியது, 65 டிகிரியும் நீர்விரும்பும் பக்கத்தில்தானே இருக்கிறது, பிறகு ஏன் திரவம் நின்றது என்பதே. செவ்வகக் கால்வாயில் ஒவ்வொரு சுவரும் தன் சேர்கோணத்தின் கொசைன் மதிப்புக்கேற்பத் திரவத்தை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. எதிரெதிரே இருக்கும் இரு சுவர்களின் கொசைன்களைக் கூட்டி, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுத்து, மற்ற இணைக்கும் அவ்வாறே செய்து, இரண்டையும் கூட்டிப் பரப்பு இழுவிசையால் பெருக்கினால் இழுக்கும் அழுத்தம் கிடைக்கும். நீரின் பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். உங்கள் மூடியோ சிலிகோன் பசை. சிலிகோன்களின் சேர்கோணம் பொதுவாக 100 டிகிரியைத் தாண்டும் என்பதால் இங்கே 105 என்று வைத்துக்கொள்கிறேன். அதாவது நான்கு சுவர்களில் மூன்று இழுக்க, நான்காவது சுவர் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உங்கள் கால்வாயில் தரைக்கும் மூடிக்கும் உள்ள தூரமே மிகக் குறைவு என்பதால், அந்த நான்காவது சுவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

கணக்கைப் போட்டால், பிளாஸ்மா காட்டிய அன்று கால்வாய்க்குள் இழுப்பு சுமார் 730 பாஸ்கல். மூன்று வாரம் கழித்து 320 பாஸ்கல். அழுத்தம் குறைந்த விகிதத்திலேயே ஓட்டமும் தளரும் என்பது 1921இல் வாஷ்பர்ன் கொடுத்த சமன்பாட்டிலிருந்து வருவது; ஆகவே அதே 24 மில்லிமீட்டரைக் கடக்க இரண்டேகால் மடங்கு நேரம் பிடிக்கும். மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் கண்டது இதுதான். ஆனால் ஓட்டம் நிற்கவில்லை.

நிற்பது வாசலில். பக்கச் சுவர் செங்குத்தாகத் திரும்பும் முனையில், திரவத்தின் விளிம்பு அடுத்த சுவரைப் பற்ற வேண்டுமானால் அது தன் சேர்கோணத்தோடு இன்னும் 90 டிகிரி வளைந்து கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கிப்ஸின் பெயரால் அழைப்பார்கள். அந்த ஒரு கணத்தில் பக்கச் சுவர்கள் இரண்டும் இழுப்பதை விட்டுவிட்டு, தடுப்பவையாக மாறுகின்றன. தரையும் மூடியும் சேர்ந்து அந்தத் தடுப்பை வெல்ல வேண்டும். பிளாஸ்மா காட்டிய அன்று வாசலில் மிஞ்சும் இழுப்பு, என் கணக்குப்படி, வெறும் 57 பாஸ்கல், மயிரிழையில் தப்பிக்கிறது. மூன்று வாரம் கழித்து அதுவே எதிர்த்திசையில் 317 பாஸ்கலாகிவிடுகிறது. அதை வெல்ல மூன்று சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள நீர்த்தம்பம் வேண்டும். நுழைவாயில் நிற்கும் சொட்டின் உயரமோ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நுண்பாய்வியலில் வேண்டுமென்றே திரவத்தை நிறுத்துவதற்கு இதே வடிவத்தைத் தடுப்பு வால்வாக வைப்பதுண்டு. நீங்கள் அறியாமலே ஒரு நல்ல வால்வைச் செய்து வைத்திருக்கிறீர்கள்.

இதே கணக்கை இருவகையில் மாற்றிப் பாருங்கள். முதலாவதாக, அக்ரிலிக் 65 டிகிரியிலேயே இருக்கட்டும். மூடியை மட்டும், நீர்விரும்பும் பசை தடவியதாக விற்கப்படும் நாடாவுக்கு மாற்றி, அதன் கோணம் 20 டிகிரி என்று கொண்டால், வாசலில் 540 பாஸ்கலுக்கு மேல் இழுப்பு மிஞ்சும். இரண்டாவதாக, மூடியும் பழையதே இருக்கட்டும். வாசலைச் செங்குத்தாக விடாமல் இருபுறமும் 30 டிகிரிச் சாய்வில் புனல்போல் விரித்து, முனையை மழுக்கிவிட்டால், 76 பாஸ்கல் மிஞ்சும். இரண்டையும் செய்தால் உங்களுக்குப் பூச்சே தேவைப்படாமலும் போகலாம்.

இவை தோராயக் கணக்குகள். திரவ முகப்பு இரண்டு திசையிலும் வளைந்திருப்பதையும், ஓடும் முகப்பு காட்டும் முன்னேறு கோணம் அசையாத துளியின் கோணத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் இவற்றில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் சற்று மோசமாகவே தெரியும். நண்பரிடம் மறுமுறை போகும்போது மூடியின் பசைப் பக்கத்தையும் அளந்து வாருங்கள். அளக்கும்போது ஊசியால் துளியைப் பெருக்கிக்கொண்டே, விளிம்பு நகரும் தறுவாயில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.


அச்சுக்கூடம் 38

நான் சிப் செய்பவன் அல்லன். பீன்யாவில் இரண்டாம் கட்டப் பகுதியில் பிளாஸ்டிக் உறைகளுக்கு அச்சடிக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைப் படித்தபோது எங்கள் கூடத்துப் பழைய தலைவலியைப் படிப்பதுபோலவே இருந்தது.

பாலித்தீன் சுருளில் மை ஒட்டாது. அதற்காகக் கொரோனா என்னும் மின்பொறி வரிசைக்கு அடியில் சுருளை ஓடவிட்டு, மேற்பரப்பை 38 டைனுக்கு (மேற்பரப்பு ஆற்றலுக்கு எங்கள் தொழிலில் சொல்லும் அளவு) ஏற்றுவோம். என் புனைபெயரில் இருக்கும் 38 அதுதான். ஏற்றிய சுருளை உடனே அச்சுக்கு எடுத்தால் பிரச்சினை இல்லை. கிடங்கில் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் அந்த அளவைச் சோதிக்கும் டைன் பேனாவால் இழுத்த கோடு முத்து முத்தாகச் சுருண்டுவிடும். பிளாஸ்டிக்குக்குள் வழுவழுப்புக்காகக் கலந்திருக்கும் பொருள் மேலே ஊறி வருவது எங்கள் ஊரில் இதற்கு முதல் காரணம். ஆகவே மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

வார்ப்பு எந்திரத்தில் சிப் அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காக உங்கள் ஆட்கள் சிலிகோன் ஸ்ப்ரே அடிக்கிறார்களா? அடித்தால், எந்தப் பிளாஸ்மாவும் எந்தப் பூச்சும் நிற்காது. அடிக்கவில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னாலும், எந்திரத்தின் அடித்தட்டில் டப்பா இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

பிளாஸ்மா முடிந்த தட்டுகளை எங்கே வைக்கிறீர்கள்? அக்ரிலிக் குருணையை 80 டிகிரியில் உலர்த்தும் ஹாப்பர் டிரையரின் பக்கத்தில், ஈரம் அண்டாத இடம் என்று நினைத்து அடுக்கி வைக்கும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. மேலே நண்பர் சொன்னாரே, வெப்பம் கூடினால் விரைவுபடும் என்று.

பிளாஸ்மாவில் வைத்த சிப்பை நீரில் அலசி உலர்த்திவிட்டு மறுபடி அளந்தீர்களா? அளவுக்கு மேல் காட்டினால் மேல்தோல் சிதைந்து துண்டு துண்டாகி, பொடிபோல் தளர்ந்து கிடக்கும். அது நீரை நன்றாகவே இழுக்கும். ஆனால் முதல் அலசலில் போய்விடும். அலசியபின் கோணம் சட்டென்று ஏறினால் நேரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.


மல்லேஸ்வரம் ஆய்வு மாணவி

பி.டி.எம்.எஸ்.க்கு மாறச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகளாக என் வேலை முழுவதும் அந்த ரப்பரோடுதான். ஹார்வர்டில் வைட்சைட்ஸ் குழு 1998இல் அதை வைத்து விரைவாகக் கால்வாய் செய்யும் முறையை வெளியிட்டதிலிருந்து ஆய்வகங்களில் அது பரவிவிட்டது. உற்பத்திக்கு அது தோதான பொருள் அன்று. அதன் இயல்பான சேர்கோணம் 110 டிகிரியை ஒட்டியது. பிளாஸ்மா காட்டினால் நீர் பரந்து ஓடும். ஆனால் சங்கிலி திரும்புவதோடு, இறுகாமல் உள்ளே எஞ்சியிருக்கும் குட்டை மூலக்கூறுகளும் மேலே ஊறி வருவதால், அக்ரிலிக்குக்கு வாரங்களில் நிகழ்வது இதற்கு மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நிகழ்ந்துவிடுகிறது. நீருக்குள்ளேயே மூழ்கடித்து வைத்தால் தாங்கும். நீங்கள் மருத்துவமனைக்கு அனுப்பும் சிப்பை நீரில் போட்டா அனுப்புவீர்கள்?

இந்தத் திரும்புதல் எனக்கு நேர்மாறான இடத்தில் உதவியாக இருப்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெயில் நீர்த்துளிகளை உருவாக்கும் சாதனத்துக்குச் சுவர் நீரை வெறுக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில், பிளாஸ்மாவால் ஒட்டிய அன்றே சாதனத்தை ஓட்டிவிட்டேன். நீர் துளியாக அறுபடாமல் சுவரைப் பற்றிக்கொண்டு நாடாபோல் நீண்டு ஓடியது. ஒரு நாள் மாதிரி முழுவதும் வீணானது. இப்போது ஒட்டியபின் 80 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் வைத்துவிடுகிறேன். காலையில் அது தன் பழைய குணத்துக்குத் திரும்பியிருக்கும். கார்க் கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமலிருக்கத் தடவும் ஃபுளோரின் கலந்த திரவத்தைக் கால்வாய்க்குள் செலுத்தும் வழக்கமும் உண்டு. ஆனால் ஃபுளோரின் பூச்சுகளை நம்பி நீண்ட காலத் திட்டம் போடத் தயக்கமாக இருக்கிறது. 3எம் நிறுவனமே அவ்வகைச் சேர்மங்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

இனி உங்கள் பூச்சுக்கு வருகிறேன். எளிதில் கிடைப்பதும், எனக்குக் கைவந்ததும் பி.வி.ஏ. என்னும் பாலிவினைல் ஆல்கஹால். துணி ஆலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போடுவதும் இதே சரக்குதான். நீங்கள் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 87 முதல் 89 விழுக்காடு வரை நீராற்பகுக்கப்பட்ட வகை எளிதில் கரையும். 98க்கு மேற்பட்ட வகையை 90 டிகிரி வெந்நீரில் கிளறிக் கரைக்க வேண்டும். ஆனால் உலர்ந்தபின் அது கூடுதலாகப் படிகமாகி, நீரில் எளிதில் கரைந்து போகாமல் நிற்கும். பிளாஸ்மா காட்டிய உடனே நூற்றுக்கு ஒரு பங்குக் கரைசலில் நனைத்து, பத்து நிமிடம் கழித்து உபரியைக் காற்றால் ஊதித் தள்ளி, அடுப்பில் உலர்த்துவது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. பி.டி.எம்.எஸ்.ஸுக்கு நாங்கள் 110 டிகிரியில் கால் மணி நேரம் வைப்போம். அதைப் படித்துவிட்டு அக்ரிலிக்கையும் அதில் வைத்தால், 105 டிகிரியை ஒட்டி அக்ரிலிக் இளகத் தொடங்கும் என்பதால், உங்கள் 100 மைக்ரான் கால்வாய் வடிவம் இழந்துவிடும். 65 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். அதேபோல் ஆல்கஹாலில் கரைத்த எந்தப் பூச்சையும் வார்ப்பு அக்ரிலிக் மீது நேரடியாக ஊற்றாதீர்கள். வார்ப்பின்போது உள்ளே உறைந்த இறுக்கம் ஆல்கஹால் பட்டதும் நூல் நூலாக வெடிப்பு விடும். நுழைவாயைச் சுற்றித்தான் முதலில் தெரியும்.

கால்வாய் நிறையக் கரைசல் நின்று உலர்ந்தாலும் படலத்தின் சராசரித் தடிமன் ஒரு மைக்ரானைத் தாண்டாது; எனவே ஆழம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது சமமாகப் படியாது, மூலைகளில் கூடித் தேங்கும். ஊதித் தள்ளும் வேலையை அலட்சியம் செய்தால் இரண்டு சிப்புகள் ஒன்றுபோல் இருக்கமாட்டா. நாடா ஒட்டும் தளத்தில் பூச்சு படாமல் மறைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் பி.வி.ஏ. ஈரம் குடித்து உப்பி, நாடாவின் ஓரத்தைத் தூக்கிவிடும். அலுமினிய உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

புற ஊதா ஒளியில் பென்சோபீனோனைத் தொடக்கியாகக் கொண்டு அக்ரிலிக் அமிலத்தைச் சுவரிலேயே வளர்த்தெடுப்பது, வெற்றிடத்தில் சிலிக்கா படலம் படியவைப்பது போன்றவை இதைவிட நீடித்தவை. ஆனால் முதலாவதற்கு வேதியியலாளர் ஒருவர் வேண்டும், இரண்டாவதற்குப் பணம் வேண்டும். சிலிக்காவை முயல விரும்பினால், இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத் தூய்மை அறையைத் தொழில் நிறுவனங்களும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம், அங்கே விசாரியுங்கள்.

வெற்றிடம் என்றதும் நினைவுக்கு வருவது: உங்கள் பிளாஸ்மா எந்திரத்தின் முள் அளவி 760 வரை போகவில்லை என்று பம்பைப் பழுதுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே 680 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டித்தான். முள் அதற்கு மேல் போக இடமில்லை.


சீரக்குழாய்

பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், ட்வீன் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ட்வீன் 20 போன்ற சோப்பு வகைப் பொருளை உலர்த்தி வைத்தால் திரவம் ஓடுவது உண்மைதான். ஆனால் அது சுவரோடு பிணைந்திருப்பதில்லை; ஓடி வரும் திரவ முகப்பு அதை வழித்துக்கொண்டே போகும். கால்வாய் முழுவதும் தடவியது அனைத்தும் திரவத்தின் முன் பகுதியில் திரண்டு, உங்கள் வினைபொருள் இருக்கும் அறைக்குள் முதலில் நுழைவது அந்தப் பகுதிதான். என்சைம் வினையோ எதிர்ப்பொருள் பிணைப்போ எதுவாக இருந்தாலும், அளவு தெரியாத சோப்பு அங்கே வந்து சேர்வதை நான் ஏற்கமாட்டேன். பின்னாளில் சீரத்துக்குப் பதில் முழு இரத்தத்தை விடும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சோப்பு வகைகளில் பல சிவப்பணுக்களை உடைக்கும். டிரைட்டான் எக்ஸ் 100 அதற்கென்றே பயன்படும் பொருள். புளூரானிக் எஃப் 127 சற்றுச் சாது. அதன் நடுப்பகுதி நீர்வெறுக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்ள, இரு முனைகளும் நீரில் நீட்டிக்கொண்டிருக்கும்.

மாட்டு ஆல்புமினை உலர்த்தி வைப்பவர்களும் உண்டு. நீரை இழுக்கும், புரதம் சுவரில் ஒட்டி வீணாவதையும் குறைக்கும். ஆனால் அது பூஞ்சைக்கு நல்ல தீனி. பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சோடியம் அசைடு கலந்துவிட்டு, அறைக்குள் பெராக்சிடேஸ் என்சைமை வைத்தீர்களானால், அசைடு அந்த என்சைமையே முடக்கிவிடும். நாங்கள் ஒருமுறை இரண்டு வாரம் தேடிக் கண்டுபிடித்த தவறு இது.


பீன்யா பொறியாளர்

அனைவருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வருவதற்கு மன்னிக்கவும்; ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

முதலில் அச்சுக்கூடத்து ஐயாவுக்கு. எந்திரத்தின் அடித்தட்டில் ஸ்ப்ரே டப்பா இல்லை. ஆனால் தட்டுகள் ஹாப்பர் டிரையரின் தலைமேலேயே அடுக்கப்பட்டிருந்தன. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது 47 டிகிரி காட்டியது. அதைச் செய்தவர் எங்கள் கூடத்திலேயே மிகப் பொறுப்பான பணியாளர். ஈரம் படக்கூடாது என்று நான்தான் முன்பு அவரிடம் சொல்லியிருந்தேன். அலசல் சோதனையிலும் நீங்கள் சொன்னதுபோலவே ஆயிற்று: 40 டிகிரி, அலசியபின் 52. பிளாஸ்மா நேரத்தை 20 நொடியாகக் குறைத்தபோது, அலசுமுன் 44, அலசியபின் 46.

மூடியை அளக்கும் வேலையை நண்பரிடம் கொண்டுபோகாமல், கைபேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டி நானே செய்தேன். இரண்டு மைக்ரோலிட்டர் துளியின் உயரத்தை அதன் அடிப்பரப்பின் பாதி அகலத்தால் வகுத்து, அந்த விகிதத்துக்குரிய டேன் கோணத்தை இரட்டித்தால் சேர்கோணம் வந்துவிடுகிறது. துளி இவ்வளவு சிறிதாக இருக்கும்வரை இது போதுமானது. இந்தக் குளிர்காலத்து வறண்ட காற்றில் துளி கண்முன்னே வற்றி, கோணம் குறைந்துகொண்டே வருவதால், விட்ட பத்து நொடிக்குள் படம் எடுத்துவிட வேண்டியிருந்தது. பசைப் பக்கம் 108 டிகிரி. நுண்புழை அவர்கள் ஊகித்த 105 அவ்வளவு தொலைவில் இல்லை.

டிரையரின் மேல் கிடந்து கெட்டுப்போன அதே பழைய தொகுதியிலிருந்து 24 சிப்புகளை எடுத்து, நாடாவை உரித்துவிட்டு, நீர்விரும்பும் நாடாவை ஒட்டினோம். பூச்சு எதுவும் இல்லை. 22 சிப்புகளில் அறை முழுவதும் நிரம்பியது. வாசலில் திரவம் ஒரு கணம் தயங்கி, பின் தரையை ஒட்டி நாக்கு நீட்டியதுபோல் உள்ளே பாய்ந்ததை நுண்ணோக்கியின் கீழே பார்த்தபோது, அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். புனல் வாசலுக்கு வார்ப்பு அச்சைத் திருத்த வேண்டும், அதற்குச் செலவு உண்டு. எனவே இப்போதைக்கு அக்ரிலிக் தகட்டில் கடைந்து மாதிரி செய்து வருகிறோம். பி.வி.ஏ. பூசிய தொகுதி ஒன்றை 40 டிகிரி அடுப்பில் வைத்திருக்கிறோம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் இரு மடங்கு என்னும் வழக்கமான கணக்கில், ஆறு மாதத்துக்குச் சமமாக அது ஏறத்தாழ 64 நாள் இருக்க வேண்டும். இன்று 21ஆம் நாள்.

நிரம்பாத அந்த இரண்டு சிப்புகள் மட்டும் என்னை உறுத்துகின்றன. நாடாவை உரித்து, வாயால் ஊதிப் பார்த்தேன். நல்ல இடங்களில் மூச்சின் ஈரம் தெளிவான படலமாகப் படிந்தது. அறையின் ஒரு மூலையில் மட்டும் பனிபோல் வெளிறி, அதற்குள் ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல் நுனி தெரிந்தது. இரண்டிலும் அப்படியே. எல்லோரும் கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறோம். பிறகு எப்படி என்று விளங்கவில்லை.


அச்சுக்கூடம் 38

ரேகை தெரிகிறதென்றால், சிப்பைத் தொட்டது வெறும் கைதான். நாடாவின் பின்தாளை உரிக்கும்போது கையுறையைக் கழற்றுகிறார்களா என்று கவனியுங்கள். ரப்பர் விரலுக்கு அந்தத் தாளின் ஓரம் அகப்படாது. மேலும், இது ஜனவரி. கையில் வெடிப்பு வராமலிருக்க யாராவது கிரீம் தடவிக்கொண்டு வருகிறார்களா என்று கேளுங்கள். டப்பாவின் பின்பக்கம் டைமெத்திகோன் என்று அச்சிட்டிருந்தால் அது சிலிகோன்.


பீன்யா பொறியாளர்

கையுறையை நாடா உரிக்கும்போது கழற்றுவது உண்மைதான். இனி உரிப்பதற்கு இடுக்கி வாங்கி வைக்கிறோம். கிரீம் டப்பாவையும் பார்த்துவிட்டேன். மூலப்பொருள் பட்டியலில் டைமெத்திகோன் நான்காவதாக இருக்கிறது. டப்பா என் மேசை இழுப்பறையில் இருந்தது.